மாலிமா எத்தனை எடுக்கும்?

நவம்பர் 6, 2024, கொழும்பு

மாலிமா, அதாவது திசைகாட்டிச் சின்னத்தில் நிற்கும் ஜனாதிபதி அநுரகுமாரவின் தேசிய மக்கள் சக்தி, எத்தனை ஆசனம் எடுக்கும் என்று வெள்ளவத்தையில் இப்போது யாரைக் கேட்டாலும் கையில் ஒரு எண் இருக்கிறது. தலைமயிர் வெட்டுகிறவர் 120 என்கிறார். மரக்கறிக் கடைக்காரர், "நூறைத் தாண்டாது, இருந்து பாருங்கோ" என்கிறார். என்னோடு வேலை செய்யும் சிங்கள நண்பர் செப்டம்பரில் ரணிலுக்குப் போட்டவர். அவரே மூன்றில் இரண்டு என்று அடித்துச் சொல்கிறார்.

14ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தல். எனக்கு வாக்கு யாழ்ப்பாணத்தில். நேரே போனால் ஒரு இரவு பஸ். லீவு கொஞ்சம் மிச்சம் கிடப்பதால் தெற்கைப் பார்த்து, மலையகம் ஏறி, மட்டக்களப்பால் சுற்றி ஊர் போய்ச் சேரலாம் என்று நினைத்திருக்கிறேன். போகிற இடத்தில் இருந்து இரவிரவாக எழுதிப் போடுகிறேன்.

முதலில் கணக்கு. ஆசனம் 225. அதில் 196 மாவட்டங்களில் இருந்து, 29 தேசியப்பட்டியலில் இருந்து. 22 தேர்தல் மாவட்டங்களிலும் முதலாவதாக வருகிற கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். மிச்சம் 174உம் வாக்கு விகிதத்தில் பிரியும். செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் அநுரகுமாரவுக்கு 42.31 வீதம், 15 மாவட்டங்களில் அவர் முதலிடம். அதை அப்படியே பாராளுமன்றத்துக்கு மாற்றிப் பாருங்கள். 174இல் 74, போனஸ் 15, தேசியப்பட்டியலில் 12. கூட்டினால் 101. ஒரு மாவட்டத்தில் 5 வீதத்துக்குக் கீழே எடுத்த கட்சிகள் கணக்கில் இருந்து கழிபடுவதால் இன்னும் நாலைந்து ஏறலாம். அப்படியும் பெரும்பான்மைக்கு வேண்டிய 113 வராது. மரக்கறிக் கடைக்காரரின் கணக்கு இதுதான். பிழை சொல்ல முடியாது.

ஆனால் பழைய முடிவுகளைப் பக்கத்தில் வைத்தால் வேறொன்று தெரிகிறது. 2010 ஜனவரியில் மஹிந்த ராஜபக்ஷ எடுத்தது 60 இலட்சத்துக்குச் சற்று மேல், 57.88 வீதம். ஏப்ரல் பொதுத்தேர்தலில் அவருடைய கூட்டணிக்கு 48 இலட்சத்துச் சொச்சம்தான். பதினொரு இலட்சத்துக்கு மேல் குறைந்தும் வீதம் 60.33 ஆக ஏறியது, ஆசனம் 144. 2019இல் கோட்டாபயவுக்கு 69 இலட்சம், 52.25 வீதம். அடுத்த ஆண்டு பொதுத்தேர்தலில் அவருடைய மொட்டுக் கட்சிக்கு 68 இலட்சம், 59.09 வீதம், 145 ஆசனம். வாக்குக் குறையக் குறைய வீதம் ஏறுகிறது! தோற்ற பக்கத்து ஆட்கள் அடுத்த தேர்தலுக்கு வீட்டை விட்டு வெளிக்கிடுவதில்லை, அவ்வளவுதான். 2019 ஜனாதிபதித் தேர்தலில் 83.72 வீதம் பேர் வாக்களித்தார்கள். 2020 பொதுத்தேர்தலில் 75.89.

ஆகவே இந்தப் பயணத்தில் திசைகாட்டிக்குப் போடுவீர்களா என்று யாரையும் கேட்கப் போவதில்லை. அதற்கு எல்லாரும் ஓம் என்றுதான் சொல்வார்கள், வென்ற பக்கம் நிற்க ஆருக்குத்தான் ஆசையில்லை. செப்டம்பரில் மற்றவர்களுக்குப் போட்ட ஆட்களைத் தேடிப் பிடித்து, "இந்த முறை போவீர்களா?" என்று மட்டும் கேட்கப் போகிறேன்.

நவம்பர் 7, எல்பிட்டிய

அதிவேகப் பாதையில் குருந்துகஹஹெதெக்மவில் இறங்கி, அங்கிருந்து லோக்கல் பஸ். காலி மாவட்டத்தின் உட்பகுதி. கறுவாவும் சிறு தேயிலைத் தோட்டங்களும் ரப்பரும் கலந்த மண்.

இங்கே வந்ததற்குக் காரணம் உண்டு. ஒக்டோபர் 26 எல்பிட்டிய பிரதேச சபைக்குத் தேர்தல் நடந்தது. அநுர ஜனாதிபதியான பிறகு நாட்டில் நடந்த முதல் தேர்தல். மாலிமாவுக்கு 30இல் 15. சரிபாதி, பெரும்பான்மைக்கு ஒன்று குறைவு. அன்றிரவே கொழும்பில் எதிர்க்கட்சி ஆட்கள் 'அலை இறங்கிவிட்டது' என்று துள்ளத் தொடங்கிவிட்டார்கள். 2019இலும் ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னால் இதே எல்பிட்டியவில்தான் தேர்தல் வைத்து, மொட்டு வென்று, அதுவே முன்னோட்டமாகிப் போனது. அந்த ஞாபகத்தில் எல்லாரும் இந்த ஊரைச் சாத்திரக்காரர் மாதிரிப் பார்க்கிறார்கள்.

சந்தியில் ஒரு ஓட்டோக்காரர் கிடைத்தார். செப்டம்பரில் யாருக்கு என்று கேட்டேன். "சஜித் மாத்தயாவுக்கு" என்றார், அநுரவிடம் தோற்ற சஜித் பிரேமதாசவை. பிரதேச சபைக்கு? "எங்கள் வட்டாரத்து ஆள் ஒருவர் நின்றார், பாலம் போட்டுத் தந்தவர். அவருக்கு." 14ஆம் திகதி? கொஞ்சம் யோசித்தார். "ஜனாதிபதி அவர்தானே. பாராளுமன்றத்தை வேறு ஆட்களிடம் கொடுத்தால் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு நிற்கும். போனால் மாலிமாவுக்கு."

30இல் 15 ஏன் வந்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை. பிரதேச சபையில் வட்டார முறை உண்டு, தெரிந்த முகத்துக்கு வாக்கு விழும், போனஸ் ஆசனமும் இல்லை. அந்த 15ஐ வைத்துப் பாராளுமன்றத்தை அளக்க வெளிக்கிட்டவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள்.

அவரே என்னைக் கறுவா உரிக்கிற ஒரு கொட்டிலுக்குக் கூட்டிப்போனார். நிலத்தில் சாக்கு விரித்து ஒரு வயதானவர் இருந்தார். பச்சைக் கொப்பை எடுத்து மேல்தோலை வளைந்த கத்தியால் சுரண்டினார். பிறகு ஒரு பித்தளைத் தடியால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். தேய்த்தால்தான் பட்டை கட்டையை விட்டுக் கழரும். இரண்டு பக்கமும் நீளமாக ஒரு கீறு, கத்தி முனையை உள்ளே விட்டு ஒரு நெம்பு. பட்டை உடையாமல் முழுசாகக் கையோடு வந்தது. கொட்டில் முழுக்க வாசம். பேச்சுக் கொடுத்தபோதும் கை நிற்கவில்லை.

அவர் மஹிந்தவின் ஆள். 2005இல் இருந்து மொட்டு வரை ஒரே கோடு. செப்டம்பரில் நாமலுக்குப் போட்டிருக்கிறார். நாமலுக்கு நாடு முழுக்கக் கிடைத்ததே இரண்டரை வீதம்தான். இந்த முறை போவீர்களா என்றேன். "யாருக்குப் போவது? மஹிந்த மாத்தயாவே கேட்கவில்லை" என்றார். அடுத்த கொப்பை எடுத்தார்.

நவம்பர் 8, ஹற்றன்

கொழும்பு திரும்பி, காலை கோச்சியில் மலையேறி, மத்தியானம் தாண்டி ஹற்றன். மழையும் பனிமூட்டமும். ஸ்டேஷனுக்கு வெளியே கடையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் தின்றபிறகுதான் உயிர் வந்தது.

நுவரெலியா மாவட்டத்துக்கு 8 ஆசனம். செப்டம்பரில் இங்கே சஜித்தான் முதலிடம். இப்போது மனோ கணேசனின் தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித் கட்சியின் தொலைபேசிச் சின்னத்தில், ஜீவன் தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணில் கட்சியின் யானைச் சின்னத்தில். தோட்டத்து வாக்கு என்றால் தொழிற்சங்க வாக்கு, சங்கத் தலைவர் காட்டுகிற சின்னத்துக்கு லயம் லயமாக, அதாவது தோட்டக் குடியிருப்பு வரிசை வரிசையாக, விழும் என்பதுதான் எல்லா ஆய்வாளர்களும் வைத்திருக்கிற கணக்கு.

ஒரு தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்ற அம்மா ஒருவரிடம் கேட்டேன். "நாள் சம்பளம் 1,700 ரூபா தாரேன்னாங்க. இந்தா வருது அந்தா வருதுன்னாங்க. எங்க வந்துச்சு?" என்றார். அப்படியென்றால் இந்த முறை? சிரித்தார். "கொழும்புல இருக்க மகன் போன் பண்ணி திசைகாட்டிக்குப் போடுன்னு சொல்றான். அவன் வந்து சொல்லட்டும், பாப்போம்."

இந்த மகன்தான் கணக்கில் இல்லாத ஆள். லயத்துக்கு லயம் ஒருவராவது கொழும்பில் கடையிலோ ஹோட்டலிலோ கட்டட வேலையிலோ இருக்கிறார்கள். மாதாமாதம் காசு அனுப்புகிறவர்கள் இவர்கள்தான். முன்பு சங்கத்துக் கமிட்டித் தலைவர் சொன்னதைக் கேட்ட வீடு இப்போது காசு அனுப்புகிற பிள்ளை சொல்வதைக் கேட்கிறது. சாயந்தரம் பஸ் நிலையத்தில் அப்படி வந்த பையன் ஒருவனோடு கதைத்தேன். புறக்கோட்டையில் துணிக்கடை வேலை. ஏன் திசைகாட்டி என்றதற்கு, "எங்க கடையில சிங்களப் பசங்க எல்லாம் அதுக்குத்தாண்ணே. என்னையும் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எங்க ஊர்த் தலைவருங்க யாரும் என்னைய ஒரு ஆளா மதிச்சுக் கூட்டிட்டுப் போனதில்ல" என்றான்.

சம்பளத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நவம்பர் 9, பதுளை வழியாக

நாள் முழுக்க பஸ். பதுளையில் மாறி, பிபிலை, மகாஓயா, செங்கலடி என்று கிழக்கே இறக்கம். ஒரு போஸ்டர் கண்ணில் படவில்லை. சுவரொட்டி ஒட்டத் தடை, செலவுக்கும் 2023ஆம் ஆண்டுச் சட்டம் உச்சவரம்பு வைத்துவிட்டது. ஆனால் சட்டம் மட்டும் காரணமில்லை. செலவழித்து வந்த பழைய ஆட்களில் பாதிப்பேர் போட்டியிலேயே இல்லை. மஹிந்த இல்லை, ரணில் இல்லை. அமைச்சர்களாக இருந்த பலர் வேட்புமனுவே கொடுக்காமல் ஒதுங்கிவிட்டார்கள். தோற்கப்போகிறோம் என்று முதலில் கணித்தவர்கள் அவர்கள்தான் போலும்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு பொலிஸ்காரர். தபால்மூல வாக்கை ஏற்கெனவே போட்டுவிட்டாராம். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "எங்கட ஸ்டேஷன்ல பேச்சே இல்ல, எல்லாருக்கும் ஒரே பதில்" என்று மட்டும் சொன்னார்.

நவம்பர் 10, மட்டக்களப்பு

இதுவரை போன இடமெல்லாம் ஒரே காற்று. கல்லடிப் பாலம் தாண்டியதும் காற்று மாறிவிட்டது.

மீன் சந்தையில், கோயில் வாசலில், பாலத்தடியில் தூண்டில் போடுகிறவர்களிடம் கேட்டாலும் வீடுதான். பிள்ளையான் கட்சியின் படகுச் சின்னத்துக்கு ஒரு பகுதி, இன்னொரு தமிழ்க் கூட்டணியின் சங்குக்கு ஒரு பகுதி, திசைகாட்டிக்கும் உண்டு. ஆனாலும் நடுவில் நிற்பது தமிழரசுக் கட்சியின் வீடு. அதுவும் அன்பினால் என்று சொல்ல முடியாது. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் விறாந்தையில் இருத்திக் கணக்குச் சொல்லித் தந்தார்.

"மாவட்டத்துக்கு அஞ்சு ஆசனம் மனே. ஒண்டு போனஸ். மிச்சம் நாலு. முஸ்லிம் சனம் தங்கட ஆளுக்கு ஒழுங்காப் போடும், அதுக்குக் குறை சொல்ல ஏலாது. நாம வீடு, படகு, சங்கு, திசைகாட்டி எண்டு நாலாப் பிரிஞ்சா என்ன மிஞ்சும்? போனஸும் போயிரும். இஞ்ச வாக்குப் போடுறது கணக்குப் பாத்துத்தான்."

அநுர நல்லவரா கெட்டவரா என்ற பேச்சுக்கே அவர் வரவில்லை. கேட்டபோது, "நல்ல மனிசன்தான்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டு மறுபடி மிச்சக் கணக்குக்குப் போய்விட்டார். தெற்கில் யார் வேண்டாம் என்பதற்கு வாக்கு. இங்கே நம் ஆசனம் போகக்கூடாது என்பதற்கு வாக்கு. ஒரே வாக்குச்சீட்டு, இரண்டு வேறு தேர்தல்கள் நடக்கின்றன.

இங்கே ஒருவரும் வீட்டில் இருக்கப் போவதில்லை என்பதையும் குறித்துவைத்தேன். என் 2010, 2020 விதி கல்லடிப் பாலத்தோடு நிற்கிறது.

இரவு சாப்பாட்டுக்கு நண்டுக் கறி. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், தேர்தலோடு கலக்கக் கூடாது.

நவம்பர் 11, யாழ்ப்பாணம் போகும் பஸ்

ஹபரணை, வவுனியா, ஏ-9. நீளப் பயணம், மழை. இன்று நள்ளிரவோடு பிரசாரம் முடிகிறது. பஸ்ஸில் ஒருவர் யூடியூபில் இந்திய அரசியல் பார்த்துக்கொண்டு வந்தார். ஜூன் மாதம் அங்கே எக்ஸிட் போல்காரர்கள் பா.ஜ.க. கூட்டணிக்கு 350, 400 என்று போட்டுத் தாக்கியதும், முடிவில் பா.ஜ.க. 240இல் நின்று 272க்குக் கூட்டாளிகளின் கையைப் பிடித்ததும் ஞாபகம் வந்தது. இங்கே அந்தத் திருவிழா இல்லை. அதனால்தான் ஆளாளுக்கு ஒரு எண்ணோடு திரிகிறோம்.

நவம்பர் 12, யாழ்ப்பாணம்

அக்கா வீட்டில் இறங்கியதும் முதல் கதையே ஞாயிற்றுக்கிழமை பாசையூர்க் கூட்டம்தான். ஜனாதிபதி வந்து பேசியிருக்கிறார். அக்காவின் மகள், என் மருமகள், போயிருக்கிறாள். யாழ். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம். பொதுத்தேர்தலுக்கு அவளுக்கு இது முதல் வாக்கு. அத்தான் போகவில்லை. போகாதது மட்டுமில்லை, இரண்டு நாளாக வீட்டில் சண்டை.

அத்தான் ஓய்வுபெற்ற ஆசிரியர். "2006இல வடக்கு கிழக்கைப் பிரிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றத்தில வழக்குப் போட்டது ஆர்? ஜே.வி.பி. தானே? திசைகாட்டி எண்டு பேர் மாத்தினாப் போல ஆள் மாறுமே?" என்கிறார்.

"வீடு வீடெண்டு போட்டியள். என்ன அப்பா நடந்தது? ஒரு கட்சிக்குள்ளயே தலைவர் ஆரெண்டு கோட்டுக்குப் போய் நிக்கினம். பார் லைசன்ஸ் ஆருக்கு எடுத்துக் குடுத்தவை எண்டு ஊர் முழுக்கக் கதை. முதலாந் திகதி பலாலி அச்சுவேலி ரோட்டைத் திறந்தவங்கள். 34 வருஷம் பூட்டிக் கிடந்தது. கேட்ட ஆக்கள் கேட்டுக்கொண்டே இருந்தவை, செய்தவன் ஆர்?" என்கிறாள் மருமகள்.

"ஒரு ரோட்டுக்கு உரிமையை விக்கிறதே?"

"உரிமை எடுத்துத் தாறம் எண்டு சொன்னவை எங்கயப்பா இப்ப? நாப்பத்திநாலு துண்டா நிக்கினம்."

எண்ணிக்கை சரி. யாழ். மாவட்டத்தில் 44 அணிகள்: 23 கட்சி, 21 சுயேச்சைக் குழு. 6 ஆசனத்துக்கு 396 பேர். வீடு ஒரு பக்கம், வீட்டை விட்டுப் பிரிந்தவர்கள் இன்னொரு பக்கம், சைக்கிள், சங்கு, வீணை, இவற்றோடு மருத்துவர் அர்ச்சுனாவின் ஊசிச் சின்னம். மட்டக்களப்பு அதிபர் பயந்த நாலு துண்டு இங்கே நாற்பத்துநாலு.

செப்டம்பரில் இந்த மாவட்டத்தில் அநுரவுக்கு 27 ஆயிரம் வாக்குத்தான், 7 வீதம். சஜித் ஒரு இலட்சத்து 21 ஆயிரம். தமிழ்ப் பொதுவேட்பாளர் அரியநேத்திரனுக்கு ஒரு இலட்சத்து 16 ஆயிரம். இந்த எண்களை வைத்துத்தான் கொழும்பில் எல்லாரும் யாழ்ப்பாணத்தைக் கணக்கில் இருந்து கழித்துவிட்டு மிச்சத்தைக் கூட்டுகிறார்கள். நான் கழிக்க மாட்டேன். சஜித்துக்கும் ரணிலுக்கும் விழுந்த வாக்கு அவர்களுடைய வாக்கு இல்லை, கொழும்பில் ஆட்சிக்கு வருகிறவரோடு ஒட்டிப் போவோம் என்ற வாக்கு. அந்த வாக்குக்கு இப்போது போக்கிடம் ஒன்றுதான்.

சந்தைக்குப் போய்வந்தேன். தேங்காய் விலைதான் திட்டுவதற்கு உடனே கிடைப்பது. திட்டிவிட்டு, "அவனும் வந்து ரெண்டு மாசம்தானே, குடுத்துப் பாப்பம்" என்று முடிக்கிறார்கள். 'குடுத்துப் பாப்பம்' எத்தனை வாய்களில் கேட்டேனோ. நம்பிக்கை என்று இதைச் சொல்ல முடியாது. பழையவர்களின் மேல் வந்த சலிப்புத்தான்.

என் கணக்கையும் எழுதி வைத்துவிடுகிறேன். 113 நிச்சயம். எல்பிட்டியவில் கறுவா உரிக்கிறவரும் அவரைப் போன்ற இலட்சக்கணக்கானவர்களும் வீட்டில் இருந்தாலே அது வந்துவிடும். மொட்டின் 145உம் வரக்கூடும். 150 என்ற கோட்டைத் தெற்கு தனியாகத் தாண்ட முடியாது. விகிதாசார முறையில் முதல் பொதுத்தேர்தல் நடந்த 1989இல் இருந்து ஆளுங்கட்சி எடுத்தவை 125, 105, 107, 109, 105, 144, 106, 145. யுத்தம் வென்ற மஹிந்தவாலும் முடியவில்லை. தாண்டுவதென்றால் வடக்கும் கிழக்கும் மலையகமும் கொடுக்கிற பத்துப் பதினைந்தில்தான் தாண்ட வேண்டும். அத்தானுக்கு இதைச் சொன்னபோது, "எங்கட சனம் அவங்களுக்கு மூண்டிலிரண்டு எடுத்துக் குடுக்குமே? விசர்க் கதை" என்றார்.

நவம்பர் 14, வாக்களிப்பு

காலை ஏழு மணிக்குக் கதவு திறக்கிறது, மாலை நாலுக்குப் பூட்டுகிறது. பக்கத்துப் பள்ளிக்கூடம்தான் நிலையம். வரிசை இல்லை. செப்டம்பரில் இந்நேரம் வாசல் தாண்டி நின்றது.

வாக்குச்சீட்டைக் கையில் தந்தபோது திகைத்துப்போனேன். 44 வரிசை. வாக்குப் போடுகிற மட்டை மறைப்புக்குள் விரித்தால் இரண்டு பக்கமும் தொங்குகிறது. மேலே கட்சியின் பெயரும் சின்னமும், எதிரே புள்ளடி போடப் பெட்டி. அதற்குப் பிறகு கடைசியில் 1 முதல் 9 வரை இலக்கங்கள், விருப்பு வாக்குக்கு. அதில் மூன்று பேருக்குப் போடலாம். சின்னத்துக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் சீட்டு செல்லாது. எனக்குப் பக்கத்து மறைப்பில் ஒரு ஆச்சி நின்றார். தாளைத் திருப்பித் திருப்பித் தேடி, கடைசியில் சத்தமாகவே, "தம்பி, வீடு எங்கையடா கிடக்கு?" என்றார். உத்தியோகத்தர், "ஆச்சி, சத்தம் போடாமப் பாருங்கோ, நாங்கள் சொல்ல ஏலாது" என்றார். முகவர்கள் எல்லாரும் குனிந்து சிரித்தார்கள்.

அத்தான் பதினொரு மணிக்குப் போய் வந்தார். எதற்குப் போட்டீர்கள் என்று மருமகள் கேட்க, "அது என்ர அலுவல்" என்று விரலில் மையோடு பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். இத்தனை நாள் வீட்டுக்கு என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர்.

பின்னேரம் தேர்தல் நடந்த நாள் மாதிரியே இல்லை. இரவு தபால் வாக்கு முடிவு வரத் தொடங்கும். தூக்கம் இல்லை.

நவம்பர் 15, போயா

விடிய விடிய ரீவி. யாழ்ப்பாணத்துத் தபால் வாக்கிலேயே திசைகாட்டி முன்னுக்கு நின்றபோது அத்தான், "தபால் வாக்கெண்டா அரசாங்க உத்தியோகத்தர், அது கணக்கில்லை" என்றார். பிறகு தொகுதி தொகுதியாக வந்தது. கிளிநொச்சியில் வீடு நின்றுபிடித்தது. குடாநாட்டில் அப்படியில்லை.

மாவட்ட முடிவு: திசைகாட்டி 80,830. வீடு 63,327. திசைகாட்டிக்கு 3 ஆசனம். வீட்டுக்கு, சைக்கிளுக்கு, ஊசிக்கு ஆளுக்கு ஒன்று. 1994இல் இருந்து பாராளுமன்றத்தில் இருந்த டக்ளஸ் தேவானந்தாவுக்கு ஒன்றுமில்லை. வீட்டுச் சின்னத்தில் நின்ற சுமந்திரனும் தோல்வி.

கால்வாசி வாக்குக்கு அரைவாசி ஆசனம் எப்படி என்று அக்கா கேட்டாள். தாள் எடுத்துப் போட்டுக் காட்டினேன். முதலிடத்துக்குப் போனஸ் ஒன்று. மிச்சம் 5. ஐந்து வீதத்துக்குக் கீழே எடுத்த அத்தனை அணிகளின் வாக்கும் கழிந்துபோக, ஒரு ஆசனத்தின் விலை 48 ஆயிரம் அளவில் நிற்கிறது. அந்த விலை கொடுக்க வசதி இருந்தது திசைகாட்டிக்கும் வீட்டுக்கும் மட்டும், ஆளுக்கு ஒன்று. மூன்று மிச்சம். அது கூடின மீதி வைத்திருப்பவருக்கு. திசைகாட்டியின் மீதி 32 ஆயிரம், சைக்கிள் 27,986, ஊசி 27,855. வீட்டின் மீதி 15 ஆயிரம்தான். வீட்டில் இருந்து பிரிந்து போன சின்னங்களில் விழுந்தது ஒன்றாக நின்றிருந்தால் இந்தத் தாளில் எல்லா வரியும் வேறு மாதிரி இருக்கும். அத்தான் தாளை வாங்கி இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார். கணக்கு வாத்தியார் இல்லையா, பிழை பிடிக்க முடியவில்லை.

மட்டக்களப்பில் அதிபர் சொன்னதுதான் நடந்தது: வீட்டுக்கு 3. 22 மாவட்டத்தில் திசைகாட்டி முதலிடம் வராதது அந்த ஒன்றில் மட்டும். நுவரெலியாவில் 8இல் 5 திசைகாட்டிக்கு. தொலைபேசிக்கு 2, யானைக்கு 1. ஹற்றன் அம்மாவின் மகன் ஊருக்கு வந்து சேர்ந்திருப்பான் போல.

மொத்தம் 159. மாவட்டங்களில் 141, தேசியப்பட்டியலில் 18. வாக்களித்தவர்கள் 69 வீதத்துக்குச் சற்றுக் கீழே, செப்டம்பரில் 79. சஜித்துக்குக் கிடைத்த 43 இலட்சம் அவருடைய கட்சிக்கு 19 இலட்சமாகிவிட்டது. ரணிலை ஆதரித்தவர்களின் சிலிண்டருக்கு 22 இலட்சத்தில் 5 இலட்சம்தான் மிஞ்சியது. இதுவரை பழைய விதிதான். ஆனால் 2010இலும் 2020இலும் வென்றவர்களுக்கும் வாக்குக் குறைந்தது, வீதம் மட்டும் ஏறியது. இங்கே வாக்கே 56 இலட்சத்தில் இருந்து 68 இலட்சமாக ஏறியிருக்கிறது. எல்பிட்டிய ஓட்டோக்காரரைப் போல, பாராளுமன்றம் இரண்டு பக்கமும் இழுபடக் கூடாது என்று மாறிப் போட்டவர்கள். மருமகளைப் போல, செப்டம்பரில் மாவட்டத்தில் 27 ஆயிரத்துக்குள் இல்லாதவர்கள்.

இன்று போயா, பௌர்ணமி விடுமுறை. தெற்கில் பாற்சோறு கிண்டுகிறார்களாம். இங்கே அப்படி ஒன்றுமில்லை. சாராயக் கடைகளும் பூட்டு.

வடக்கு கிழக்கு ஐந்து மாவட்டத்திலும் அவர்கள் எடுத்ததைத் தனியாகக் கூட்டினேன். யாழ்ப்பாணம் 3, வன்னி 2, திருகோணமலை 2, மட்டக்களப்பு 1, திகாமடுல்ல 4. பன்னிரண்டு. 159இல் அதைக் கழித்தால் 147. மூன்றில் இரண்டுக்கு வேண்டியது 150.

அத்தானுக்கு இதைக் காட்டினேன். கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப மாகாண சபைத் தேர்தல் வைப்பாங்களோ?" என்றார். ஆறு மணி பஸ்ஸுக்கு சீட் புக் பண்ணியாகிவிட்டது, அந்த வாக்குவாதத்தைத் தகப்பனும் மகளும் நடத்தட்டும்.